யூரியாச் சாக்குக்குள் தண்ணீர்

தண்ணீருக்கு வாய் இருக்கிறது என்பது தீர்த்தகிரிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம், அவருடைய முழங்கால்களுக்கு நடுவே யூரியாச் சாக்கு போர்த்தி நிறுத்தியிருந்த கேனுக்குள்ளிருந்து அது களக் களக் என்று பேசியது. கழுத்துவரை நிரப்பியிருந்தால் பேசாது, கடைக்காரன் மூன்று விரல் குறைத்துவிட்டான், சத்தம் வரட்டும் என்று வேண்டுமென்றே செய்தானோ என்னவோ, இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அவன் நல்லவன், அதுதான் இன்னும் மோசம். பென்னாகரத்திலிருந்து மூக்கனஅள்ளிக்குப் போகிற இந்தச் சாலையில் அவர் எதைத்தான் கொண்டு போகவில்லை. கொடிக்கட்டு, மூங்கில், பசை வாளி, மைக் செட், தடியடியில் மண்டை உடைந்தவன், ஒருமுறை பிணம். எதையும் மூடிக்கொண்டு போனதில்லை. மூடிக்கொண்டு போகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, என்னய்யா அதில் என்று கேட்கிற ஆளாகத்தான் இருந்தார். சித்திரை வெயில் பின்கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது, எலும்பு இறுகிப்போய் வருஷமாகிறது, யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் வண்டியோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். கல்வெட்டுப் பாலம் வந்தது. பாலத்துச் சுவரில் சிவப்பு எழுத்து, ஒவ்வொன்றும் முழ உயரம், அவருடைய கைதான்: கேன் வந்தால் குழாய் வராது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பப் பார்த்தார், கழுத்து விடவில்லை, முழுசாகப் படித்துக்கொண்டே கடந்தார்.

அந்த வாசகத்தில் தப்பில்லை. இப்போது கேட்டாலும் தப்பில்லை என்றுதான் சொல்லுவார், யார் கேட்கப் போகிறார்கள். ஜனங்கள் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கப் பழகிவிட்டால், ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறேன் என்ற அரசாங்கம் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கலெக்டர்கள் வந்தார்கள், பாட்டிலில் ஊர்ப் போர்க்குழாய்த் தண்ணீரை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள், பார்த்தால் தெரிகிற விஷமா அது, தெளிவாகத்தான் இருக்கும், ஆவன செய்யப்படும் என்றார்கள், மாற்றலாகிப் போனார்கள். தொட்டி கட்டினார்கள், தொட்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள், பெயிண்ட் மேல் பேர் எழுதினார்கள், ஆற்றிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதனால்தான் தை மாதம் ஊரையே அந்த வெறும் தொட்டியின் அடியில் கூட்டி, காய்ந்த குழாயை ஒவ்வொருவராகத் தொடவைத்து, ஆற்றுத் தண்ணீர் வரும்வரை எவன் வீட்டுக்குள்ளும் கேன் நுழையாது என்று சத்தியம் வாங்கினார். முதலில் தொட்டது அவர் கை. இதோ இந்தக் கை, ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டிருக்கிற கை. போர் தண்ணீரைக் குடித்துச் சாவோம், வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று மைக்கில் முழங்கினார். சாவோம் என்று சொல்லும்போது வயிற்றுக்குள் இருக்கிறவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. களக் என்றது கேன். சும்மா இரு என்று வாய்விட்டே சொன்னார், சொன்ன பிறகு கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தார், மாந்தோப்புக் காவலாளி கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைக்காரன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "வாங்கய்யா, உக்காருங்க." போன வருஷம் அதே கடைவாசலில் வேனை நிறுத்தி, தண்ணீர் விற்கிறவன் நாளைக்குக் காற்றையும் பையில் கட்டி விற்பான் என்று அவர் பேசினார், அவன் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதையெல்லாம் அவன் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் பதில் வைத்திருந்தார், வழியெல்லாம் யோசித்து அடுக்கி வைத்திருந்தார். அவன், "யாருக்குங்கய்யா?" என்றான். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, வாயெடுத்த இடத்தில் ஒன்றும் இல்லாமல், "பொண்ணு வந்திருக்குது" என்றார். அவ்வளவுதான், அவன் முகம் விரிந்துவிட்டது. "மாசமா இருக்குதுங்களா? அப்ப இந்தத் தண்ணிதாங்க குடுக்கணும். எத்தினாவது மாசம்?" நீலக் கேனைத் தூக்கப் போனான். அவர் தன் வெள்ளைக் கேனை நீட்டினார், விவசாய மருந்து வருமே அந்த மாதிரிக் கேன், மனைவி பெருமா அதைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தாள். அவன் அந்தக் கேனைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், எல்லாம் புரிந்து, புரிந்ததைக் காட்டாமல் இருக்கத் தலையைக் குனிந்து குழாயைத் திறந்தான். கிளம்பும்போது மெதுவாக, "நான் வெளிய சொல்ல மாட்டேங்கய்யா" என்றான். அடித்திருக்கலாம். எத்தனையோ பேர் அடித்திருக்கிறார்கள், லத்தியால், பூட்ஸ் காலால், தாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறார். இந்த நல்ல மனசை எங்கே வைத்துத் தாங்குவது என்று தெரியவில்லை.

எங்கப்பா பார்த்துக்குவாரு. அதைத்தான் மகள் வாலண்டினா டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் யாரும் யோசிக்க எதுவுமில்லை, சேலத்தில் வளைகாப்பு முடிந்த சூட்டோடு இரண்டு கை நிறைய வளையல் குலுங்கப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சேலத்தில் அவள் குடித்துக்கொண்டிருந்தது மேட்டூர்த் தண்ணீர். நல்ல தண்ணீரிலிருந்து கெட்ட தண்ணீருக்குப் பிள்ளையோடு கூட்டிவந்து இறக்கி, ஆரத்தி எடுத்து, சீர்த்தட்டு வைத்து, அதற்குச் சடங்கு என்று பேர். சடங்குகளை எதிர்த்து எவ்வளவு பேசியிருப்பார், இதைப் பேசத் தோன்றவில்லையே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பெருமா சொம்பில் தண்ணீர் வைத்தாள். வாலண்டினா சொம்பை எடுக்காமல் விரலால் தள்ளித் தள்ளி வைத்தாள், சின்ன வயசில் பிடிக்காத கீரையைத் தள்ளுகிற மாதிரி. "அப்பா, டாக்டரம்மா ஊரு எதுன்னு கேட்டாங்க. சொன்னதும் மூஞ்சி மாறிப்போச்சு. அங்க தண்ணி எப்படி, ஃப்ளோரைடு இருக்குமேன்னாங்க." "இருக்கும். ஊருக்கே தெரியும்." "அது இல்லப்பா. நான் குடிச்சா எனக்குத்தான்னு நெனச்சிருந்தேன். குடிக்கிறது ரத்தத்துல கலந்து நஞ்சுக்கொடியத் தாண்டிப் போயிருமாம். அங்க தடுப்பு இருக்குதாம், ஆனா முழுசாத் தடுக்காதாம். பொறக்கறப்ப தொப்புள்கொடி ரத்தத்த எடுத்துப் பார்த்தா அம்மா ரத்தத்துல இருக்கறது அதுலயும் இருக்குமாம். எலும்புக்குப் போகும், சில ஊர்ல மூளைக்குக் கூட ஆகாதுன்னு எழுதியிருக்காங்களாம், எதுக்கு வம்பு, நல்ல தண்ணி குடின்னாங்க." பெருமா அடுப்படியிலிருந்து, "நான் நல்லாக் கொதிக்க வெச்சுத்தாண்டி குடுக்கறேன்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சினால் கிருமி சாகும், இது சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இது கெட்டியாகும், அதையும் கூட்டம் போட்டுச் சொன்னவர் அவர்தான், வீட்டில் சொல்லவில்லை. "நீ என்னம்மா சொன்ன டாக்டருகிட்ட?" என்று கேட்டார். "என்ன சொல்றது, எங்கப்பா பார்த்துக்குவாருன்னேன். தண்ணியப் பத்தி எங்கப்பாவுக்குத் தெரியாததான்னேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போது வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டாள். பல்லில் காவிப் பட்டை. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, கொஞ்சம் சிரியேம்மா என்று கேட்டாள், அன்றைக்குச் சிரிக்காமலேயே காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனவள்.

கருவறை. அந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சேலத்தையும் சொம்பையும் நினைத்துக்கொண்டிருந்தார், வந்துவிட்டது. தாயின் கருவறை ஒன்றுதான் இந்த விஷம் எட்டாத கடைசி இடம், அங்கிருந்து நம் பிள்ளை வெளியே வருகிற முதல் நாளே அதன் வாயில் விஷம் புகட்டப்படுகிறது. அவர் எழுதிய துண்டறிக்கையில் நடுவில், கொட்டை எழுத்தில். எழுதி முடித்து அச்சாபீஸ் பெஞ்சிலேயே வாசித்துக் காட்டியபோது அச்சுக்கோக்கிறவர் கண்ணைத் துடைத்தார். கூட்டத்தில் வாசித்தால் பெண்கள் விசும்புவார்கள், அந்த இடத்தில் நிறுத்தி ஒரு மூச்சு எடுத்துக்கொள்வார், விசும்பல் அடங்க இடம் விட்டு. யார் சொன்னார்கள் அப்படி? எந்தப் புத்தகத்தில் இருந்தது? எங்குமே இல்லை, வாக்கியம் நன்றாக விழுந்தது, விழுந்ததை அவர் நம்பிவிட்டார். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு போயிற்று, மற்றதெல்லாம் துண்டறிக்கையிலும் சிறு வெளியீட்டிலும் படித்தது, படித்ததில் முழுசாகப் புரியாத இடத்தை எல்லாம் வாக்கியத்தால் நிரப்பிவிடுகிற பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. படித்தவன்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்களே, ஒருத்தன் வந்து இது தப்பு என்று சொல்லியிருக்கலாமே, அவன்கள் எங்கே துண்டறிக்கையைப் படிக்கிறார்கள், வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்து அதில் வடையைத் துடைப்பார்கள். சரி, அவன்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை, கோபம் எழும்பிப் பாதியில் நின்றது. வாலண்டினா வயிற்றில் இருந்தபோது அவர் சேலம் ஜெயிலில் இருந்தார், தண்ணீர்ப் போராட்டத்துக்காகத்தான். ஜெயிலில் என்ன தண்ணீர்? மேட்டூர்த் தண்ணீர். சோற்றை இறக்கத் தண்ணீர் குடித்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. இங்கே பெருமா நிறைமாதத்தோடு போர் பம்பில் அடித்துக் குடம் சுமந்து, அதைக் குடித்து, அதில் கஞ்சி வைத்து. அந்தப் பிள்ளையின் பல்லில் இருக்கிறதில் எவ்வளவு வெளியே வந்த பிறகு ஏறியது, எவ்வளவு உள்ளேயே ஏறியது? யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா? அந்தப் பல்லைத்தான் அவர் பிறகு, எங்கள் பிள்ளைகளின் சிரிப்பைத் திருடிய அரசே என்று கோஷமாக்கினார். நன்றாகத்தான் இருந்தது கோஷம்.

"தலைவரே!" கிட்டான் டீக்கடை. நிறுத்தாமல் போயிருக்கலாம், நிறுத்தாமல் ஒருநாளும் போனதில்லை, போனால் அதுவே சேதியாகிவிடும். ஒற்றைக் காலை ஊன்றி வண்டியை அணைக்காமலே நின்றார். அணைத்தால் களக் சத்தம் கேட்கும். கிட்டான் டீயை ஆற்றிக்கொண்டே சாக்கைக் கண்ணால் காட்டினான். "என்னாங்க தலைவரே, மூட்ட முடிச்சோட? குண்டு கிண்டு வெச்சிருக்கீங்களா?" "களைக்கொல்லி." எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியவில்லை, வெள்ளைக் கேனும் யூரியாச் சாக்கும் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டன. பெஞ்சில் இருந்த கிழவன் முனிராசு, அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பீடியை எடுத்துவிட்டுச் சொன்னான்: "காட்டத்தான் குத்தகைக்கு உட்டுட்டியே, எந்தக் களைய கொல்லப் போற?" "வாசல்ல மொளச்சது." "வாசல்ல மொளச்சதுக்கு இம்மாம் பெரிய கேனா?" கிட்டான் சிரித்தான். "உடுய்யா, தலைவரு மருந்தடிச்சா களை கூட ஒரு கோஷம் போட்டுட்டுத்தான் சாவும்." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர்களுடைய பல்லையெல்லாம் பார்த்தார். காவி, கறுப்பு, பட்டை, குழி. கிட்டான் மகன் பெண்டாட்டி உள்ளே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கைப்பிள்ளைக்குச் சங்கில் எதையோ புகட்டிக்கொண்டிருந்தாள். "டீ சாப்புடுங்க தலைவரே, நம்ம போர் தண்ணி டீதான், சத்தியத்துக்குப் பங்கம் வராது." அவர் வாங்கிக் குடித்தார். சூடு நெஞ்சில் இறங்கியது, கால்களுக்கு நடுவே கேன் சில்லென்று தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டி மறுபடி ஏறி இறங்கியது. பொய் சொல்லியாகிவிட்டது, சின்னப் பொய், யாருக்கு என்ன நஷ்டம், ஒரு பிள்ளை நல்ல எலும்போடு பிறக்கும், அவ்வளவுதானே, என் பேரப்பிள்ளைக்கு நான் ஒரு கேன் தண்ணீர் கொண்டு போகக் கூடாதா, ஊருக்காக உழைத்தவனுக்கு இந்த உரிமை கூடக் கிடையாதா. அப்படி நினைத்ததும் உடனே கூச்சம் பிடுங்கித் தின்றது. இதே பேச்சைத்தான் சென்னப்பன் வாசலில் நின்று சென்னப்பனின் மகன் பேசினான். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற பையன், பெண்டாட்டி மேகலா மாசமாக இருக்கிறாள் என்று நீலக் கேன் ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான், பங்குனி மாதம், ஊரே பார்க்க. "என் பொண்டாட்டிக்குத்தான பெரியப்பா, ஊருக்கா வாங்கியாந்தேன்?" என்று கேட்டான். அவர் என்ன சொன்னார். ஒருத்தன் வீட்டில் நுழைந்தால் ஊர் முழுக்க நுழையும் என்றார். சரியான வாதம். சென்னப்பன் உள்ளே இருந்து வந்தான், வந்தான் என்றால் நடந்து வரவில்லை, முதுகு வில்லாக வளைந்து தலை தரையைப் பார்க்கிறவன், இரண்டு கையாலும் சுவரைப் பிடித்து நகர்ந்து வந்தான். எல்லாக் கூட்டத்திலும் மேடையில் முன்னால் உட்காரவைத்து, பாருங்கள் இந்த முதுகை என்று அவர் காட்டுவாரே, அந்தச் சென்னப்பன். "தீர்த்தகிரி சொன்னாச் சொன்னதுதான்டா" என்று மகனைத் தள்ளிவிட்டு, கேனைத் தரையில் சாய்த்து, மூடியைத் தானே பிடுங்கினான். அத்தனையும் வாசல் மண்ணில் போயிற்று. மண் எவ்வளவு வேகமாகக் குடித்தது. கோழிகள் ஓடி வந்து குழிகளில் தேங்கியதைக் கொத்திக் கொத்தி அண்ணாந்து குடித்தன. மேகலா கதவு மறைவில் நின்று பார்த்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் சென்னப்பனைக் கட்டிக்கொண்டார், கண் கலங்கினார், அந்தக் கண்ணீர் பொய்யில்லை. வாலண்டினா வந்து சொம்பைத் தள்ளியதெல்லாம் அதற்குப் பிறகு. டாக்டர் சொன்னது அன்றைக்கே தெரிந்திருந்தால் கொட்ட விட்டிருப்பாரா? மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். சரி, தெரிந்த மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே, பக்கத்துத் தெருதானே, சொன்னாயா? முதலில் கேன் ஒன்றைத் தேடிக் கழுவச் சொன்னாய்.

புளியமரம் தெரிந்தது, ஊருக்குப் பிரிகிற முக்கு. மரத்தடியில் அடிபம்பு. பம்பில் சிவப்புப் பெயிண்ட் ஒரு காலத்தில் அடித்திருந்தார்கள், குடிக்க உகந்ததல்ல என்பதற்கு அதுதான் அடையாளம், பெயிண்ட் உதிர்ந்துவிட்டது, தண்ணீர் மாறவில்லை. நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வயிற்றைத் தொடைமேல் தாங்கி, மருந்துப் பையைப் பக்கத்தில் வைத்து. கிட்டே போனபோதுதான் யார் என்று தெரிந்தது. இவளை நினைத்ததால் வந்தாளா. மேகலா எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காரும்மா, உக்காரு." "ஆஸ்பத்திரி போய்ட்டு வர்றேன் மாமா. பத்து மணி பஸ்ஸு வரல, முக்கு வரைக்கும் ஷேர் ஆட்டோல வந்தேன். இந்த வெயில்ல நடக்கவே முடியல." "வண்டியில ஏறிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, ஏறினால் சத்தம் கேட்குமே என்று அதே மூச்சில் நினைத்தார். "ஐயோ வேணாம் மாமா, குலுங்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க." அப்பாடா என்று இருந்தது, அப்பாடா என்று இருந்ததற்காக இன்னொரு தரம் வெட்கப்பட்டார். வண்டி அணைந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து அணைந்தது. அந்த நிசப்தத்தில் கேனுக்குள் தண்ணீர் ஒருமுறை புரண்டு அடங்கியது, தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். மேகலாவின் கண் சாக்குக்குப் போயிற்று. உதட்டை நாக்கால் தடவினாள். "மாமா, அதுல தண்ணியா? ஒரு வாய் குடுங்களேன், தொண்ட ஒட்டிக்குது."

இருக்கிறது அம்மா, குடி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குடி, உன் வாசலில் கொட்டியதற்குப் பதிலாகக் குடி, உனக்கும் உள்ளே இருக்கிறதுக்கும் சேர்த்துக் குடி. நாக்கு நுனிக்கு வந்தது. வந்த இடத்தில் பார்த்தார்: அவள் கண் விரிவதை, விரிந்த கண்ணில் கேனின் மூடி, அந்த வாசல் மண், கோழிகள், சாயந்திரம் சென்னப்பனிடம் அவள் சொல்வது, சென்னப்பன் சுவரைப் பிடித்து நகர்ந்து வருவது, நீயா தீர்த்தகிரி என்று தரையைப் பார்த்தே கேட்பது. அவனால் முகத்தை நிமிர்த்திப் பார்க்கக் கூட முடியாது, தரையைப் பார்த்தேதான் கேட்பான். "தண்ணி இல்லம்மா" என்றார். "களைக்கொல்லி." அவள் இன்னும் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், தாகத்துக்கு வெட்கம் கிடையாது. அதனால் இன்னும் ஒன்றைச் சேர்த்தார், குரல் தன்னால் உயர்ந்தது, மைக் இல்லாமல் சந்தைக்கே கேட்கிற குரல்: "விஷம்மா அது. விஷம்."

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். இரண்டு கையும் வயிற்றுக்குப் போயிற்று, தானாக, கதவைச் சாத்துகிற மாதிரி. அவர் அதைப் பார்த்தார். இத்தனை வருஷம், எத்தனை மேடை, எத்தனை நடைப்பயணம், எத்தனை சுவர், இந்தப் பம்பைக் காட்டி விஷம் விஷம் என்று தொண்டை கிழியக் கத்தியபோது ஒருத்தர் கை இப்படி வயிற்றுக்குப் போனதில்லை, தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அதே பம்பில்தான் அடித்தார்கள். இன்றைக்கு ஒருத்தி நம்பினாள். ஒரே வார்த்தையில். "நல்லவேள கேட்டேன்" என்றாள் மேகலா. "மூடி கீடி நல்லா இறுக்கியிருக்கீங்களா மாமா?" பிறகு மரத்தைப் பிடித்து எழுந்து பம்புக்குப் போனாள். பிடியை அழுத்தினாள், வயிறு இடித்தது, மறுபடி அழுத்தினாள், கூச்சத்தோடு திரும்பினாள். "கொஞ்சம் அடிச்சு உடுறீங்களா மாமா?" அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். போய்ப் பிடியைப் பிடித்தார். இரும்பு சுட்டது. அடித்தார். முதலில் காற்று இரைந்தது, பிறகு உள்ளே எங்கோ ஆழத்தில் ஏதோ பிடிபட்டு மேலேறி வருவது கைக்குத் தெரிந்தது, எத்தனை அடி என்று அவருக்குத் தெரியும், போர் போட்டபோது பக்கத்தில் நின்றவர். தண்ணீர் வந்தது, பளிங்கு மாதிரி. அவள் குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து, குவித்த கையில் ஏந்திக் குடித்தாள், வளையல் நனைந்து, முழங்கை வழியாக ஒழுகி, கழுத்து ஏறி இறங்கி ஏறி இறங்கி. சொல்லிவிடு. அடிக்கிற கையை நிறுத்து. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். "மேகலா, இத ரொம்பக் குடிக்காத" என்றார், பாதிக் குரலில். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பல்லில் அதே பட்டை. "நீங்க போட்ட நோட்டீஸ எங்க மாமனாரு செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு மாமா, எனக்கு மனப்பாடம். இன்னும் உள்ளதான இருக்குது, அங்க எதுவும் எட்டாதில்ல. வெளிய வந்தப்புறம் ஓசூருக்குத் தூக்கிட்டுப் போயிர்றதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு." பேசிக்கொண்டே இருந்தவள் நின்று, வயிற்றின் பக்கவாட்டில் கையை வைத்தாள், முகம் மலர்ந்தது. "தண்ணி போனதும் எப்படி ஒதைக்குது பாருங்க! அதுக்கும் தாகம்போல." இன்னும் ஒரு கை ஏந்தினாள். அவர் அடித்தார்.

"போதும் மாமா" என்று அவள் சொன்ன பிறகும் பிடி இரண்டு முறை ஏறி இறங்கியது, தண்ணீர் சேற்றில் விழுந்தது. மேகலா மருந்துப் பையை எடுத்து, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஊர்ப் பாதையில் நடந்தாள், காலை அகட்டி, ஒரு கை இடுப்பில். தீர்த்தகிரி வண்டியருகே நின்றார். சாக்கின் மேல் கை வைத்தார். சாக்குக்குள்ளே சில்லென்று இருந்தது. நல்ல வாக்கியங்கள் எத்தனையோ எழுதியவர், ஒரு வாக்கியம், ஒரே ஒரு சின்ன வாக்கியம், அதில் அழகு எதுவும் வேண்டாம், கொட்டை எழுத்து வேண்டாம், நான் எழுதினது தப்பும்மா, அவ்வளவுதான், அது வாயை விட்டு வரவில்லை. அவள் வேலிமுனைக்குப் போய்விட்டாள், அதற்கப்பால் தெரியமாட்டாள். "மேகலா!" கத்திவிட்டார். குரல் போய்ச் சேர்ந்தது, எப்போதும் போய்ச் சேருகிற குரல். அவள் நின்றாள், திரும்பினாள், வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து அவரைப் பார்த்தாள். காத்துக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறந்தார்.

"பார்த்துப் போம்மா" என்றார்.

"சரிங்க மாமா." அவள் தலையை ஆட்டினாள், திரும்பப் போனவள் ஏதோ ஞாபகம் வந்து மறுபடி நின்று, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கூவினாள். "மாமா! அந்தக் கேன மட்டும் வீட்டுக்குள்ள வெச்சிராதீங்க. வாலண்டினா அக்கா வயித்துப் புள்ளயோட இருக்குது."